இரண்டாவது பிரேக்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே ஒரு சட்டம் சொல்லப்படும். வண்டி ஓடும்போது வாயை மூடக் கூடாது.

"கண்ணுல பட்டதெல்லாம் வாயில வரணும்," என்பார் மாஸ்டர். "மனசுக்குள்ள பாத்துக்கிட்டேன்னு சொல்லக் கூடாது. உங்க மனசு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆகவே அவரிடம் படிக்கிறவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினார்கள். முன்னால் வேன், நிற்கப் போகிறது. இடது பக்கம் ஒருத்தர், போன் பேசிக்கொண்டே இறங்குகிறார். வலது பக்கம் நாய், படுத்திருக்கிறது, எழுந்திரிக்காது. எல் போர்டு மாட்டிய அந்தச் சின்ன வெள்ளைக் கார் கடந்து போகும்போது, திறந்த கண்ணாடி வழியாக இது தெருவுக்கே கேட்கும். மற்ற பள்ளிக்காரர்கள் அதற்கு 'மேட்ச் கமெண்டரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் லைசென்ஸ் தேர்வில் இந்தக் கமெண்டரிக்காரர்கள்தான் முதல் தடவையிலேயே தேறினார்கள். அதனால் கேலி செய்தவர்களும் தங்கள் வீட்டுப் பெண்களை இங்கேதான் சேர்த்தார்கள்.

மாஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, பாதி ஆயுளைக் கழித்தவர். கமெண்டரி முறையை அவர் கொண்டுவந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு அவர் வண்டியில் யாரும் பேசக் கூடாது. ஏன் மாற்றினார் என்று கேட்டால், "பேசுனா கவனம் வரும்" என்பார். அது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

பள்ளியின் அலுவலகம் ஒரே அறை. மேசை, நாலு நாற்காலி, சுவரில் சாலை விதிகளின் படங்கள், பிளந்து பலகையில் அடித்து மாட்டிய ஒரு கிளட்ச். மேசையில் அவர் மனைவி உட்காருவார். யார் எப்போது வர வேண்டும், யாருக்குத் தேர்வு, வண்டிக்கு எப்போது சர்வீஸ், எல்லாம் மனைவியின் பொறுப்பு. அவருக்கும் லைசென்ஸ் உண்டு, நன்றாகவே ஓட்டுவார். ஆனால் கணவர் பக்கத்தில் இருந்தால் ஓட்ட மாட்டார். ஒவ்வொரு கியருக்கும் ஒரு பிரசங்கம் கேட்க முடியாது என்பார்.

ஒரு நாள், அவரிடம் படித்துக்கொண்டிருந்த பாட்டு டீச்சர் ஒருவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஆண்டு விழா ஒத்திகையில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டிருந்தது. வாயைக் காட்டி, கையை விரித்தார்.

"இன்னைக்காவது எங்க வீட்டுக்காரர் பேச, நீங்க கேக்கலாம்," என்றார் மனைவி.

மாஸ்டர் வகுப்பை ரத்து செய்யவில்லை. டீச்சர் நன்றாக ஓட்டுபவர், தேர்வும் நெருங்கியிருந்தது. கிளம்பினார்கள். வண்டிக்குள் அத்தனை அமைதி மாஸ்டருக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. அதை நிரப்ப அவரே எதையோ சொல்லிக்கொண்டு வந்தார்.

தபால் நிலையத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். டீச்சர் திரும்பும்போது பிரேக்கை ஒரேயடியாக மிதித்தார். எஞ்சின் குலுங்கி நின்றது. கேரியரில் அட்டைப் பெட்டிகளைக் கட்டிய ஒரு சைக்கிள், முன் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. சைக்கிள்காரர் இடது உள்ளங்கையை வண்டியின் முகப்பில் ஊன்றியிருந்தார்.

"ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்க," என்றார் அவர். "நாலு கண்ணு. ஒண்ணுலகூடவா நான் படல?"

மாஸ்டர் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவரை அனுப்பினார். அதன் பிறகுதான் தன் வலது காலைக் கவனித்தார். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. அசையவே இல்லை. அந்தக் கால் இத்தனை வருடங்களில், மூளை சொல்வதற்கு முன்பே எத்தனையோ ஆயிரம் தடவை அமுங்கியிருக்கிறது. இன்று அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சபாஷ் டீச்சர்," என்றார். "நீங்களாப் போடுறீங்களான்னு பாத்தேன். பாஸ்."

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் கதைகளைத் தினமும் கேட்கிறவர். காற்றாகத்தான் வந்தது குரல். "நீங்க பிரேக்கே போடல."

"அதான் டெஸ்ட்டு."

அன்று வகுப்புகள் முடிந்ததும் மாஸ்டர் மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து போனை எடுத்தார். 'பக்கத்தில் வரும் ஆள் தெரியவில்லை' என்று தேடினார். முதலில் வந்ததெல்லாம் காணாமல் போனவர்களைப் பற்றிய செய்திகள். கண் என்ற சொல்லைச் சேர்த்தார். உடனே வீடியோக்கள் கொட்டின. கண்ணை மேலும் கீழும் உருட்டச் சொன்னார் ஒருவர். கண்ணில் தேன் விடச் சொன்னார் இன்னொருவர், அவரே கண்ணாடி போட்டிருந்தார். ஒரே வாரத்தில் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்றார் மூன்றாமவர். மாஸ்டர் தேன் வரை போகவில்லை. உருட்டிப் பார்த்தார். மறுநாள் அலுவலகத்தில் உருட்டிக்கொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டார்.

"யாரப் பாத்து இந்த முழி முழிக்கிறீங்க?"

"தூசி."

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருந்தான். பட்டும் படாமலும் அவனிடம் கேட்டார்.

"மாமா, இதெல்லாம் ஸ்க்ரீன் பாக்குறதால," என்றான் அவன், தன் எதிரே இருந்த மூன்று ஸ்க்ரீன்களையும் மாறி மாறிப் பார்த்தபடி. "நீலக் கண்ணாடி ஒண்ணு இருக்கு. உங்களுக்குன்னா வாங்குன வெலைக்கே தர்றேன்."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். சைக்கிள்கள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. அதாவது, சில இருந்தன, சில இல்லை.

கடைசியில் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையை விளக்கேற்றிக் காட்டினார். மாஸ்டர் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பலகை தயாரித்த கம்பெனியின் பெயரையும் படித்தார்.

"உங்க கண்ணு என் கண்ணவிட நல்லா இருக்கே சார்! எதுக்கு வந்தீங்க?"

"பக்கத்துல வர்றது சில சமயம் தெரிய மாட்டேங்குது."

கடைக்காரர் விளக்கை அணைத்தார். "இந்தப் போர்டு நேரா பாக்குறதுக்கு. பக்கத்துல தெரியுதா இல்லையான்னு இதுல வராது. அதுக்கு என்கிட்ட மெஷினும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. டாக்டர்கிட்ட காட்டிருங்க." பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "எங்க போறதுன்னு தெரியலன்னா அந்த நம்பர்ல கேளுங்க. காசு கேக்க மாட்டாங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே நம்பரைப் படித்தார் மாஸ்டர். திரும்பவும் மைதானத்து ஓரம்தான். வண்டிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார்.

"பார்வை உதவி மையம், சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல்.

"ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்."

"கேளுங்க."

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"பின்ன எதுக்கு உங்கள போன் பண்ணச் சொன்னாரு?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேரா எல்லாம் தெரியும். பக்கத்துலதான்... எப்பயாவது ஒருத்தர் திடீர்னு முளைச்ச மாதிரி நிப்பாங்க."

"உங்க ஃப்ரெண்டு கதவு நிலையில தோள இடிச்சுக்குவாரா? மேசை முனையில இடுப்ப இடிச்சுக்கிறது, கூட்டத்துல ஆளுங்க மேல மோதுறது?"

மாஸ்டரின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே அலுவலக மேசை உயரத்துக்கு ஒரு கன்றிய அடையாளம் நிரந்தரமாகவே இருந்தது. "இருக்கு."

"அவர் பக்கத்துலயே இருக்காரு போல. நல்லது. வலி இருக்கான்னு கேளுங்க."

"வலியெல்லாம் இல்ல."

"வலிக்காத நோயும் இருக்கு. என்னன்னு நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஆனா தள்ளிப்போட வேணாம்னு சொல்லுங்க. இந்த வாரமே போகணும். சாதா டெஸ்ட் மட்டும் போதாது, கண்ணுக்குள்ள பிரஷர் பாக்கணும், பக்கப் பார்வைக்குத் தனி டெஸ்ட் எடுக்கணும். அத அவரே வாய்விட்டுக் கேக்கணும்." ஆஸ்பத்திரியின் பெயர், எந்த நாள் கூட்டம் குறைவு, எந்த மாடி, எல்லாம் சொன்னாள். பிறகு, "என்ன வேலை பாக்குறாரு?"

"ஆபீஸ் வேலை."

"வண்டி ஓட்டுவாரா?"

"எப்பயாச்சும்."

"டாக்டர் பாக்குற வரைக்கும் தொட வேணாம்னு சொல்லுங்க. கேப்பாரா?"

"கொஞ்சம் பிடிவாதம்."

"தெரியுது," என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவரை ஒரு இருட்டறையில், அரைக்கோளமாகக் குடைந்த வெள்ளை மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். ஒரு கண்ணை மூடி, முகவாயைத் தாங்கியில் பதித்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் டெஸ்ட் எடுக்கும் பெண். நடுவில் உள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அமுக்க வேண்டும்.

மாஸ்டர் அமுக்கினார். நிற்காமல், நிதானமாக, தாளம் தப்பாமல் அமுக்கினார். முடிந்ததும் தேறிவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

"சார், வெளிச்சமே வராதப்ப நிறைய அமுக்கியிருக்கீங்க," என்றாள் அந்தப் பெண்.

"அடுத்தது வரப்போகுதுன்னு தெரியும்ல?"

"எப்படித் தெரியும்?"

"ஒரு கணக்குதான். ரோட்ல ஒரு பந்து உருண்டு வந்தா பின்னாடி ஒரு குழந்தை வரும். குழந்தை கண்ணுல படுற வரைக்கும் காத்திருந்தா பிரேக் போட முடியுமா?"

அவள் மெஷினைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டாள். "இங்க பந்தும் இல்ல, குழந்தையும் இல்ல சார். தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க. சும்மா இருந்தாலும் அது எங்களுக்குப் பதில்தான்."

இரண்டாவது தடவை அவர் சும்மா இருந்து பார்த்தார். மெஷினுக்குள் ஏதோ நகரும் மெல்லிய சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் எங்கேயோ ஒரு வெளிச்சம் வந்துபோயிருக்க வேண்டும். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. நெடுநேரம் அதற்கு வேலை வரவில்லை.

டாக்டர் வயதில் இளையவர். டெஸ்ட்டில் வந்த படத்தை மேசையில் திருப்பி வைத்துக் காட்டினார். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. இடது பக்கம் கறுப்பு அதிகம். கண் நீர் அழுத்த நோய் என்றார். உள்ளே அழுத்தம் கூடி, நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்குச் சொட்டு மருந்து, தினமும், ஆயுள் முழுக்க.

"எனக்கு எங்கயும் கறுப்பாத் தெரியலையே டாக்டர்?"

"கறுப்பாத் தெரியாது. தெரியாத இடத்த மூளையே நிரப்பிக்கும். காலி ரோடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவரும் டெஸ்ட் பண்ணிக்கணும். பிள்ளைங்களும். என்ன வேலை பாக்குறீங்க?"

இங்கே பொய் சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிறுத்திருங்க."

"நான் ஓட்டுறதில்ல டாக்டர். படிக்கிறவங்கதான் ஓட்டுவாங்க. நான் சும்மா பக்கத்துல."

"உங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்குல்ல? அது எதுக்கு?"

மாஸ்டர் நிறுத்தவில்லை. அவரிடம் ஒரு நியாயம் இருந்தது, அதை அவர் தினமும் காலையில் தனக்கே சொல்லிக்கொண்டார். தேர்வை நெருங்கியவர்களை மட்டும் எடுப்பது, வாயாடிகளை மட்டும் எடுப்பது, கூட்டமான கடைத்தெருப் பக்கம் போகாமல் இருப்பது. மனைவியிடம் சொன்னால் அன்றைக்கே ஷட்டர் இறங்கும். வண்டிக்கு இன்னும் தவணை இருந்தது, மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள், ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை என்று ஒன்று அவருக்குத் தெரியாது. சொட்டு மருந்தை வீட்டில் வைத்தால் கேள்வி வரும் என்று வண்டியின் டாஷ்போர்டுக்குள் வைத்தார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வண்டியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று போய்க் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தார். "வண்டி தேஞ்சிடப்போகுது," என்றார் மனைவி.

தபால் நிலைய விஷயத்துக்குப் பிறகு பாட்டு டீச்சர் வரவில்லை. ஆண்டு விழா முடிந்து, குரல் திரும்பிய பிறகு வந்தார். கணீரென்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். முன்னால் லாரி. வலது பக்கம் பள்ளம். எதிரே பெரியவர், கைத்தடி, நமக்காக நிற்கிறார். மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தார்.

நீதிமன்றச் சாலையில் இடது பக்கம் திரும்புவதற்கு முன் டீச்சர் வேகத்தை நன்றாகக் குறைத்தார். "இடது பக்கம் யாரும் இல்ல," என்றார்.

"அப்ப திரும்புங்க."

டீச்சர் திரும்பவில்லை. ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார்.

"மாஸ்டர், அங்க நாலு பேர் நிக்கிறாங்க. பாருங்க."

அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள், அதையும் சேர்த்தால் ஐந்து. ரோட்டைக் கடக்க, இந்த வண்டி போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

"வேணும்னேதான் சொன்னேன்," என்றார் டீச்சர். "அன்னைக்கே சந்தேகம்."

மாஸ்டர் பிரேக்கின் மேலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா உக்காந்திருக்கீங்க?" வகுப்பில் பேசும் குரல் வந்துவிட்டது. "வீட்ல தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். திங்கக்கிழமை உங்க ஆபீசுக்கு வருவேன். அப்பவும் அவங்களுக்குத் தெரியலன்னா சொல்லிடுவேன். இப்ப எறங்குங்க, நடந்தே போலாம். வண்டிய அப்புறம் எடுத்துக்கலாம்."

அவர் இறங்கவில்லை. டீச்சர் இறங்கிப் போய்விட்டார். மாஸ்டர் இருக்கை மாறி உட்கார்ந்து, மெதுவாக, தலையை இரு பக்கமும் திருப்பித் திருப்பி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் உதவி மையத்துக்கு மறுபடியும் போன் செய்தார். அதே குரல். ஃப்ரெண்டு டாக்டரிடம் போனார், இப்படிச் சொன்னார்கள், அடுத்து என்ன செய்வது என்று கேட்டார். சனிக்கிழமை மதியம் பொது நூலகத்தின் பின்கட்டில் கூட்டம் நடக்கும், பார்வை குறைந்தவர்கள் வருவார்கள், வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றாள்.

நூலகத்தின் பின்கட்டு, பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் போடுகிற அறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாஸ்டர் வாசலில் நின்று, "இதானே கூட்டம்?" என்று கேட்டதும், மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்திருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"உங்க ஃப்ரெண்டு வரலையா?"

அது அந்தக் குரல்தான். அவள் பார்வை அவருக்குச் சற்றுத் தள்ளி, கதவில் இருந்தது.

"வந்திருக்காரு," என்றார் மாஸ்டர். சிலர் சிரித்தார்கள். உட்கார இடம் கொடுத்தார்கள்.

அங்கே யாரும் அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினால் எத்தனை நாள் தாங்கும் என்று பேசினார்கள். போனைப் படித்துக்காட்டவைப்பது எப்படி என்று ஒரு தையல்காரர் செய்து காட்டினார். அது அவருக்கு வந்த கடன் நினைவூட்டலைச் சத்தமாகப் படித்துவிட்டது. சொட்டு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எங்கே வைக்கிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டாள் அந்தப் பெண்.

"வண்டில. டாஷ்போர்டுல."

"வெயில்ல நிக்கிற வண்டியா?"

"ஆமா."

"அந்த மருந்து எப்பவோ கெட்டிருக்கும். புதுசு வாங்குங்க. வீட்ல, சூடு படாத எடத்துல வைங்க."

பார்வை போகும் முன்பு வங்கி மேலாளராக இருந்த ஒருவர் அங்கே இருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் எல்லோரும் அவரை ரேடியோ என்றார்கள். கூட்டம் முடியும் நேரத்தில், திரும்பிப் போக மையத்தின் வேனில் யார் யாருக்கு இடம் வேண்டும் என்று கேட்பது ரேடியோவின் வேலை. ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்.

"புதுசா வந்தவரு? உங்களுக்கு எங்க எறங்கணும்?"

"எனக்கு வேணாங்க. வண்டி இருக்கு."

"வீட்ல கூட்டிட்டு வந்தாங்களா? உள்ள வரச் சொல்லலாமே."

"இல்ல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

தையல்காரர் மட்டும் குபீரென்று சிரித்தார். "முன்னாடியே சொல்லிருந்தா நானும் ஓட்டிட்டு வந்திருப்பேனே. அநியாயமா பஸ்ஸுல நிக்க வச்சுட்டாங்க." யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார் ரேடியோ.

"பள்ளிக்கூடத்து ரோடு."

"எந்நேரம்?"

"கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்ன."

"என் மக என்ன வாசல்ல விட்டுட்டு அந்த ரோட்லதான் நடந்து போனா. கையில செவப்புக் கொடை வச்சிருந்தா. பாத்தீங்களா?"

அவர் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாஸ்டர் அந்த ரோட்டை நினைவில் ஓட்டிப் பார்த்தார். ரோடு காலியாகத்தான் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை காலியாக இருந்தது.

"பாக்கல," என்றார்.

ரேடியோ போனை எடுத்துக் காதருகே பிடித்து மகளின் பெயரைச் சொன்னார். மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தாள்.

"என்னப்பா? அடுப்புல வேலையா இருக்கேன்."

"வீட்டுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேனே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா." போனைச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குப் பிறகு ரேடியோ பேசவில்லை.

மாஸ்டர் தன் போனை எடுத்தார். வெளியே போய்ப் பேசலாம் என்று எழுந்தவர், திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"எங்க இருக்கீங்க?" என்றார் மனைவி.

"லைப்ரரில."

"நீங்களா?"

"வண்டி இங்க நிக்குது. நீ வந்து எடுக்கணும்."

"பஞ்சரா?"

"இல்ல. வண்டி நல்லா இருக்கு." இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். "எனக்குக் கண்ணு பக்கத்துல தெரியல. ரொம்ப நாளா. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டார். நான் ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

மறுமுனையில் அலுவலக மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. "அங்கயே உக்காருங்க," என்றார் மனைவி. "சாவியத் தொடாதீங்க."

பேருந்தில் வந்து இறங்கினார். பையைத் தோளில் மாட்டியபடியே அறைக்குள் வந்து, கணவரைப் பார்க்காமல் கோல் வைத்திருந்த பெண்ணைத்தான் கேட்டார். "இவருக்கு எத்தன நாளா இது தெரியும்?"

"அத அவர்தான் சொல்லணும். எனக்கு அவர் போன்ல சொன்னதுதான் தெரியும்."

"மொதல்ல உங்களுக்குத்தான போன் பண்ணிருக்காரு?"

"ஃப்ரெண்டுக்காகன்னு பண்ணாரு."

"இவருக்கு ஏது ஃப்ரெண்டு?"

தையல்காரர் சிரித்தார். மனைவியும் சிரிக்கப்போனவர், கணவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஊருல இருக்கவங்களுக்கெல்லாம் சொல்லத் தெரியுது. பக்கத்துல படுக்கிறவகிட்ட சொல்லத் தெரியல."

"சொன்னா ஷட்டர எறக்கிடுவ."

"எறக்கத்தான் செய்வேன். யார் மேலயாவது ஏத்துனதுக்கப்புறம் எறக்குறதா?" பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து எத்தனை மணிக்கு, மறந்துவிட்டால் என்ன செய்வது, அடுத்த டெஸ்ட் எப்போது, மகளுக்கு இருபது வயது, அவளுக்கும் பார்க்க வேண்டுமா, அடுத்த சனிக்கிழமை வீட்டு ஆட்கள் வரலாமா. மாஸ்டரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வேனுக்குப் போகிறவர்கள் நாற்காலியை அடுக்குவதற்கு உதவினார்.

வெளியே வந்ததும் அவர் பழக்கத்தில் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தார்.

"பின்னாடி," என்றார் மனைவி.

"சும்மா உக்காந்துதான வரப்போறேன்."

"அந்த பிரேக் மேல உங்க கால் இருந்தா எனக்கு ஓட்ட வராது. பின்னாடி போங்க."

தன் வண்டியின் பின்னிருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கால் நீட்ட இடமில்லாமல் முழங்கால் இடித்தது. பெல்ட் மாட்டும் கொக்கி இருக்கைக்குள் புதைந்து கிடந்தது, துழாவி எடுக்க நேரமானது. மனைவி கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"கிளாஸெல்லாம் திங்கக்கிழமையிலேர்ந்து?" என்றார் மாஸ்டர், கொஞ்சதூரம் போன பிறகு.

"எல்லாருக்கும் போன் பண்ணி நிறுத்தணும். வேற மாஸ்டர் கிடைக்கிறாங்களான்னு பாக்கணும். இல்லன்னா சொல்லிக்குடுக்குறதுக்கான லைசென்ஸுக்கு நான் எழுதிப் போடணும். வீட்ல போய்ப் பேசலாம். ரோட்ல பேசாதீங்க."

மாஸ்டர் போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி லாரி ஓட்டுகிறவன். எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான், பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது.

"டேய், கண் டாக்டர்கிட்ட போ. பக்கப் பார்வைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, அத எடுக்கச் சொல்லு."

"எனக்கு எதுக்கு? நல்லாத்தான் தெரியுது."

"எனக்கும் நல்லாத்தான் தெரியுது. டாக்டர் நிறுத்திட்டாரு."

"எந்த வேலைவெட்டி இல்லாத டாக்டர்? நீ ஓட்டாம யார் ஓட்டுறது?" தம்பி சிரித்தான். "இப்பகூட வண்டி சத்தம் கேக்குது. ஓட்டிக்கிட்டேதான பேசுற?"

"உங்க அண்ணி ஓட்டுறா."

"நீ?"

"பின்னாடி உக்காந்திருக்கேன்."

"பின்னாடியா?" சரக்கு இறக்குகிறவர்களை யாரோ அதட்டினார்கள். தம்பி அந்தச் சத்தத்திலிருந்து விலகி வந்ததுபோல் அவன் குரல் கிட்டத்தில் கேட்டது. "அந்த டெஸ்ட்டுக்குப் பேரென்ன, சொல்லு."